இல்லாத விளக்கு

செவ்வாய்க்கிழமை காலை, புது ரயிலின் ஓட்டுநர் அறையில், ஹொசாகா மிட்சுயோ இல்லாத ஒரு விளக்கைப் பார்த்தாள்.

பயணிகள் இல்லாத தேர்வு ஓட்டம். முதல் இரண்டு ஸ்டேஷன்களிலும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. மூன்றாவதில் கதவுகளை மூடினாள், வெள்ளைக் கையுறை போட்ட விரலை வலது மேல் மூலைக்கு நீட்டினாள், "கதவு விளக்கு, சரி" என்று உரக்கச் சொன்னாள். விரல் நீட்டாமல், வாய்விட்டுச் சொல்லாமல் பதினோரு வருடத்தில் ஒரு நாளும் அவள் வண்டியை எடுத்ததில்லை.

"நிறுத்துங்க. எங்க இருக்கு விளக்கு?" என்றார் பின்னால் நின்ற பரிசோதகர் நிராசவா.

அந்த மூலையில் சாம்பல் நிறத் தகடு மட்டும் இருந்தது. விளக்கு பழைய வண்டியில்தான் அங்கே இருக்கும். புதியதில் கதவு மூடினால் இடப்பக்கத் திரையில் பச்சைக் குறி வரும். மூன்று வாரம் படித்து, எழுத்துத் தேர்வில் அதற்கு முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தாள்.

கை பழக்கத்தில் போயிருந்தால் அவள் இவ்வளவு குழம்பியிருக்க மாட்டாள். அவள் கண்ணால் பார்த்தாள். ஆரஞ்சு நிறத்தில் அது எரிந்தது.

டிப்போ சாப்பாட்டு அறையில் சக ஓட்டுநர் ஊமேகி சோற்று உருண்டையைப் பிரித்துக்கொண்டே ஆரம்பித்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன், போன மாதமே தேறிவிட்டவன்.

"என்ன ஹொசாகா அக்கா, பழைய வண்டிப் பேய் கூடவே ஏறி வந்துருச்சாமே?"

"சிரி, சிரி."

"விட்டுப் பிரிய மனசு வரலையோ? நேத்து பழைய வண்டியைக் கடைசியா போட்டோ எடுக்க வந்தவங்கள்ல பாதிப் பேர் அழுதாங்க."

"எனக்கு அழுகையே வரல. பனிக்காலத்துல அதுல கால் மரத்துப் போகும். தொலைஞ்சா சரின்னுதான் இருந்தேன்."

"அப்ப கையில ஒரு தட்டு தட்டி இடப்பக்கம் திருப்புங்க."

"கை இல்லடா. கண்ணு."

ஊமேகி மெல்லுவதை நிறுத்தினான். பிறகு, "வெள்ளிக்கிழமை மறுதேர்வுலயும் பேயைப் பாத்தீங்கன்னா டிக்கெட் கவுண்டர்தான். அங்க ஹீட்டர் நல்லா வேலை செய்யுமாம்" என்றான்.

அவன் சொன்னது உண்மை. மார்ச்சோடு பழைய வண்டிகள் எல்லாம் போகின்றன. இரண்டாவது முறையும் தேறாதவருக்கு இந்தப் பாதையில் ஓட்ட வண்டி கிடையாது.

வியாழக்கிழமை வழக்கமான வேலை, பழைய வண்டியில். பள்ளிப் பிள்ளைகள் ஏறினார்கள். கதவு மூடியது, விளக்கு எரிந்தது, அவள் "சரி" என்றாள். சொன்ன பிறகு சந்தேகம் வந்தது. பார்த்துவிட்டுச் சொன்னேனா, சொன்னதால் பார்த்தேனா? திரும்பிப் பார்த்தாள், எரிந்துகொண்டுதான் இருந்தது. அது எதற்கும் பதிலாகவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனை ஆயிரம் தடவை "சரி" என்றிருப்பாள்? யாருடைய கோட்டும் கதவில் மாட்டவில்லை, யாரும் விழவில்லை. அது அவள் கவனமா, அல்லது கதவுகள் தாமாகவே ஒழுங்காக மூடிக்கொண்டனவா? இதை யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை. கேட்டால் அன்றே சாவியை வாங்கிக்கொள்வார்கள்.

வெள்ளிக்கிழமை மூன்று ஸ்டேஷன்கள் நன்றாகக் கடந்தன. நான்காவதில் கதவை மூடி, விரலை இடப்பக்கத் திரைக்கு நீட்டினாள். பச்சைக் குறி இருந்தது. வாய் திறந்தது. "சரி" தொண்டை வரை வந்து நின்றதும் அவள் பயந்து போனாள். சொல் முந்திக்கொண்டது, கண் இன்னும் வந்து சேரவில்லை.

விரல் நீட்டியபடி இருக்க, கடிகார முள் நகர்ந்தது. நிராசவா மெல்ல இருமினார்.

அவள் கதவைத் திறந்தாள். பனிக் காற்று உள்ளே வந்தது. திரையில் குறி மறைந்தது. மறைந்த இடத்தைப் பார்த்தாள். மூடினாள். குறி வந்தது.

"கதவுக் குறி, சரி."

கடைசி ஸ்டேஷனில் வண்டி நின்றது. நிராசவா மதிப்பெண் தாளைத் தொடைமேல் வைத்துக்கொண்டு, "நாற்பத்தெட்டு வினாடி தாமதம். மூடின கதவை எதுக்குத் திறந்தீங்க?" என்றார்.

"குறி இருக்குன்னு தெரியல சார்."

"இருந்துச்சே. நானே பார்த்தேன்."

"ஆமா, இருந்துச்சு. ஆனா நான் பார்த்தேனான்னு தெரியல. இல்லாம ஒரு தடவை பார்த்தாத்தான் தெரியும்னு தோணுச்சு."

"நேத்து வரைக்கும் எப்படிப் பார்த்தீங்க?"

பொய் சொல்லலாம். "அதுவும் தெரியல சார்" என்றாள்.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "இப்படி ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் திறந்து மூடினா பிள்ளைங்க பள்ளிக்கூடம் விடற நேரத்துக்குத்தான் போய்ச் சேருவாங்க." நேரத்துக்கான கட்டத்தில் தவறு என்று பெருக்கல் குறி போட்டார். உறுதிப்படுத்தலுக்கான கட்டத்தில் பேனா கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு சரி என்று வட்டம் போட்டார். "ஒரு பெருக்கல் வரைக்கும் தேர்ச்சிதான். திங்கள்லேர்ந்து நீங்க தனியா ஓட்டணும். முடியுமா?"

முடியும் என்று வாய் உடனே தயாராயிற்று. அவள் அதை அடக்கிக்கொண்டு, தனக்குள் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். நிராசவா பேனாவை மூடிக் காத்திருந்தார். ஓட்ட வேண்டும் என்ற ஆசை மட்டும் அகப்பட்டது. அதையா அவர் கேட்டார் என்று அவளுக்குப் புரியவில்லை.

"ஓட்டறேன் சார்" என்றாள்.