ஒன்பது அணிகளின் ரசிகர்

படச்சட்டத்தின் மூலைகளில் கறுப்பு நாடாவை ஒட்டிக்கொண்டிருந்த ஹேரிமின் கையை அத்தை எட்டிப் பிடித்தாள்.

"இதையா வைக்கப்போற? ஊரே பாத்துச் சிரிச்ச படம்டி."

"அப்பாவே சொன்னதுதான் அத்தை. இதுலதான் நான் லட்சணமா இருக்கேன்னு போன மாசங்கூடச் சொன்னாரு."

லட்சணத்துக்கு ஒரு குறைச்சலும் இல்லை. வாயெல்லாம் பல்லாக நின்றார் அப்பா. தூக்கிப் பிடித்த அட்டையில், 'கோச் ஐயா, எங்க ஏழாம் நம்பரை ஒரு தடவையாவது எறக்குங்க' என்று கொட்டை எழுத்து. பின்னாலிருந்த பெரிய திரையில் மும்முரமாக விளையாடிக்கொண்டிருந்தது அதே ஏழாம் எண், தம்பி தேயுல்! கணினி விளையாட்டு லீகில் இரண்டு வருஷம் பெஞ்சைத் தேய்த்தவனை அன்றுதான் முதன்முதலாக இறக்கியிருந்தார்கள். மனுஷர் பழக்க தோஷத்தில் பழைய அட்டையையே தூக்கிவிட்டார். கேமரா விடுமா? சியோல் அரங்கமே சிரித்தது. தேயுல் தோற்றான். "இனிமே என் ஆட்டத்துக்கு வராதீங்கப்பா" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அப்பா சரியென்று தலையாட்டினார்.

அது நடந்து நாலு வருஷம். இன்றைக்கு அணியே அவனை நம்பித்தான் இருக்கிறது. நேற்றுக் காலை அப்பா சலவைக்கடையில் இஸ்திரி போட்டபடியே சரிந்து உயிரை விட்டதிலிருந்து அவன் பல்லில் பச்சைத் தண்ணீர் படவில்லை. இந்தப் படத்தைப் பார்த்தால் ஒரேயடியாக உடைந்துபோவானோ என்று ஹேரிமுக்கும் பயம்தான். ஆனாலும் துக்க மண்டபத்தில் அடுக்கியிருந்த வெள்ளைச் சாமந்திகளுக்கு நடுவே கொண்டுபோய் வைத்தாள்.

தேயுல் ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தான். "வராதீங்கன்னு நான்தானேக்கா சொன்னேன்" என்றான்.

மத்தியானம் கறுப்பு உடையில் மூன்று பேர் வந்தார்கள். அப்பாவின் போனில் இருந்த எல்லா எண்களுக்கும் ஹேரிம் செய்தி அனுப்பியிருந்தாள். ஆனால் இவர்களை அவளுக்குத் தெரியவில்லை. முன்னால் நின்ற பெண்ணின் பையில் சிவப்புக் கழுகு பேட்ஜ் இருந்தது. தேயுல் அணியின் பரம எதிரி அது.

"சலவைக்கார மாமா..." என்று ஆரம்பித்தவள் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றாள். "அய்யய்யோ, அட்டை மாமாவா இவரு? எங்ககிட்ட எப்பவும் மாஸ்க்கோடதான் இருப்பாரு."

படத்துக்கு இரண்டு தடவை விழுந்து வணங்கி, துக்கம் காத்து நின்ற மகனை வணங்கத் திரும்பினார்கள். எதிரே ஏழாம் எண். ஒரு பையனுக்கு முழங்கால் மடங்கவில்லை.

"உங்க பக்கமா உக்காந்திருந்தாரு?" என்றான் தேயுல்.

"நாலு வருஷமாங்க. உங்க டீமோட மோதுற அன்னிக்கு மட்டும் வருவாரு. உங்கமேல அவ்வளவு கடுப்புன்னு நெனச்சோம்."

"திட்டுவாரா?"

"சரமாரியாத் திட்டுவாரு. 'இந்த ஏழாம் நம்பர் பய ஒழுங்கா சாப்பிடுறானா இல்லையா, கன்னம் ஒட்டிக் கெடக்கு பாரு. இவனைத் தூங்க விடுறானுங்களா இல்லையா'ன்னு."

"அது திட்டா?" என்றாள் அத்தை.

"அப்ப எங்களுக்குத் திட்டாத்தான் தெரிஞ்சுதுங்க."

தேயுலின் தோள்கள் குலுங்கின. அழுகிறானென்று ஹேரிம் ஓடினாள். அழுகைதான்; ஆனால் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டும் இருந்தான். அவனே அவர்களைக் கூட்டிப்போய் உட்காரவைத்து, துக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பரிமாறும் காரமான மாட்டிறைச்சிச் சூப்பில் சோற்றைப் போட்டு முதல் கரண்டியைத் தானே வாயில் வைத்தான். அத்தைக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கிண்ணம் காலியாவதற்குள் வாசலில் நீல பேட்ஜ்களோடு ஐந்து பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மஞ்சள் பேட்ஜோடு ஒரு குடும்பம். லீகில் இவன் அணியைத் தவிர மொத்தம் ஒன்பது அணிகள். ஹேரிம் சமையல்கட்டுக்கு ஓடி இன்னொரு அண்டா சூப்பு வைக்கச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது தேயுல் கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு வாசலுக்கே போயிருந்தான்.

"வாங்க வாங்க," என்றான். "நீங்க எந்த டீம்?"