மதுரை என்று எழுதிய பை

1

இந்தக் கதை ஒரு பையிலிருந்து வந்தது. என் கற்பனையிலிருந்து வந்தது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் உண்மையை முதலிலேயே கொட்டிவிட்டால் பிறகு தாராளமாகப் பொய் சொல்லலாம் பாருங்கள்.

போன ஜூலையில் அல் குசைஸ் ஆபீஸிலிருந்து நானும் நஜீஹாவும் இன்னும் இரண்டு பெண்களும் ஜார்ஜியா நாட்டுக்குப் போனோம். துபாய் வெயிலில் ஏறி உட்கார்ந்தால் ஒரு சாப்பாடு, ஒரு தூக்கம், இறங்கினால் மலைநாடு. தலைநகரத்தில் கஸ்பெகி என்ற மலையூருக்குப் போகும் மினி பஸ்ஸில் ஏறினோம். பின்பக்கம் பைகளை மூட்டையாகக் குவித்திருந்தார்கள். அதில் ஒரு முதுகுப்பையின் நாலு பக்கமும் தடித்த கறுப்பு மார்க்கரில் எழுதியிருந்தது: ராக்கப்பன், மதுரை.

வளைகுடாவில் இருக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். லீவில் ஊருக்குப் போகிறவன் அட்டைப்பெட்டி கட்டுவான். டேப் ஒட்டி, கயிறு சுற்றி, தன் பெயரையும் இறங்கப்போகும் ஏர்போர்ட்டையும் எந்தப் பக்கம் பார்த்தாலும் தெரிகிற மாதிரி எழுதுவான். அந்தக் கை அதே பழக்கத்தில் இந்தப் பையிலும் எழுதிவிட்டது. பை போகிற இடம் பனிமலை. எழுதியிருப்பதோ மதுரை.

பைக்குச் சொந்தக்காரர் டிரைவருக்குப் பின்சீட்டில் இருந்தார். நாற்பதைத் தாண்டிய வயது. ஊதா நிறத்தில் கனமான ஜாக்கெட். முதுகில் ஷார்ஜா தொழில்பேட்டையில் உள்ள ஏதோ ஒரு குளிர்பதனக் கிடங்கின் பெயர். "ஊருக்கா அண்ணே?" என்றேன், பையைக் காட்டி. அவரும் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"ஊருக்குத்தாம்மா. வழியில கொஞ்சம் ஐஸ் பாத்துட்டுப் போறேன்."

அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு. இனி வருவதெல்லாம் என் சொந்தச் சரக்கு.

(பஸ்ஸில் பார்த்தபோது 'அவர்'. கதைக்குள் வந்ததும் 'அவன்' ஆகிவிடுவார். கதையில் மரியாதை கொடுத்தால் ஆள் இரண்டடி தள்ளி நின்றுவிடுகிறார். மன்னிக்கவும் அண்ணே.)

2

முதல் தொடக்கம்: வெண்பனி போர்த்திய காக்கசஸ் சிகரங்கள் காலைக் கதிரில் பொன்னாக மின்ன—

இது காலண்டரில் மலைப்படத்துக்குக் கீழே போடுகிற வாக்கியம். அடித்தாயிற்று.

இரண்டாம் தொடக்கம்: பாலைவனத்தின் கொடும் வெயிலில் தன் இளமையைத் தொலைத்த ராக்கப்பன்—

இதுவும் போகட்டும். முதலாவது, அவன் இளமை வெயிலில் போகவில்லை, குளிரில் போனது. இரண்டாவது, இப்படி உச்சுக்கொட்டினால் அவன் எழுந்து வேறு கதைக்குப் போய்விடுவான்.

மூன்றாவது:

"நீ பாக்காத ஐஸா மாப்ள?" என்றான் செய்கு முகம்மது.

இது இருக்கட்டும். செய்கு முகம்மது கீழக்கரைக்காரன்; கிடங்கில் ராக்கப்பனுக்கு ஜோடி. உறைந்த கோழியும் மீனும் கூரை வரை அடுக்கிய அறைக்குள் ஒருவன் பெட்டி இறக்குவான், இன்னொருவன் வெளியே வாங்குவான். உடம்பு தாங்கும் வரை உள்ளே, பிறகு இடம் மாற்றிக்கொள்வார்கள். அங்கே ஒரு சட்டம் உண்டு. கதவை மூடுகிறவன் "உள்ள யாரு?" என்று சத்தம் போட வேண்டும். உள்ளே இருப்பவன் பெயர் சொல்லிப் பதில் கொடுக்க வேண்டும். பதில் கேட்டு, ஆள் வெளியே வந்த பிறகுதான் கதவை மூடலாம். சத்தமே இல்லை என்றால் உள்ளே போய்ப் பார்க்காமல் மூடக் கூடாது.

"பொழுதன்னைக்கும் அதுக்குள்ளதான நிக்கிறோம்? அதப் பாக்க பிளேன் ஏறிப் போவியாக்கும்?" செய்கு விடவில்லை.

"இது கரண்டுல வர்ற ஐஸுப்பா," என்றான் ராக்கப்பன். "மெஷின் நின்னா கோழி பூராம் நாறிரும். எவனும் சுவிட்ச் போடாம, அதுபாட்டுக்கு ஒறஞ்சு கெடக்காம்ல, எங்க தாத்தன் முப்பாட்டன் காலத்துலருந்து. அத நான் பாக்கணும்."

"பாத்து?"

"பாத்துட்டு வர்றேன்."

"வீட்ல சொல்லிட்டியா?"

ராக்கப்பன் கையுறையை மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

3

இங்கே எனக்கே சந்தேகம் வந்தது. இப்படி ஓர் ஆள் இருப்பானா?

வளைகுடாவில் லீவு என்பது வேலை செய்கிறவனின் சொத்து அல்ல. அது வீட்டுக்குச் சொந்தம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருகிற அந்த மாதத்தை, அவன் விமானம் ஏறுமுன்பே ஊரில் பங்கு போட்டுவிடுவார்கள். ஒரு காதுகுத்து, ஒரு கோயில், மாமனார் வீடு, கொல்லைப்பக்கச் சுவர். முதுகுளத்தூர்ப் பக்கத்தில் அவன் மனைவி பூவாயி, மிச்சத்தில் தனக்கு எத்தனை நாள் தேறும் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அந்த லீவின் முதல் நாலு நாளை ராக்கப்பன் எடுத்து ஒளித்துக்கொண்டான். லீவே நாலு நாள் கழித்துத்தான் தொடங்குகிறது என்று அவளிடம் சொன்னான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் அவளிடம் சொன்ன முதல் பெரிய பொய் இது. (சின்னப் பொய்கள் உண்டு. "நல்லாச் சாப்பிட்டேன்." "காய்ச்சல் இல்லை." அவையெல்லாம் போனில் ஹலோ சொல்வது மாதிரி.)

எழுதிய வரைக்கும் நஜீஹாவிடம் கொடுத்தேன். அவள் நாகூர்க்காரி, முகத்துக்கு நேரே பேசுகிறவள்.

"இவன் சரியில்லடி," என்றாள். "அங்க பொண்டாட்டி வழியப் பாத்துக்கிட்டு நிக்கிறா, இவனுக்கு மலை கேக்குதா?"

"இத்தனை வருஷத்துல தனக்குன்னு நாலு நாள் எடுத்துக்கக் கூடாதா?"

"எடுத்துக்கட்டுமே. யாரு வேணாங்குறா? சொல்லிட்டு எடுத்துக்கட்டும்."

இந்தக் கதையின் கழுத்தைப் பிடித்துவிட்டாள். ராக்கப்பன் பனியைப் பார்ப்பானா என்பது பெரிய விஷயமில்லை, பார்த்துவிடுவான், பிடிவாதக்காரன். பார்த்ததைப் பூவாயியிடம் சொல்வானா? அவள் தாங்குவாளா? இனி இதுதான் கதை.

4

மலைப்பாதையில் மினி பஸ் வளைந்து வளைந்து ஏறியது. டிரைவர் ஒரு கையில் ஸ்டியரிங், மறு கையில் போன். எதிரே லாரிகள் வரிசையாக நின்றன. ஆட்டுமந்தை ஒன்று யாரையும் சட்டைபண்ணாமல் சாலையைக் கடந்தது. ராக்கப்பன் ஜன்னலோரம் ஒட்டிக்கொண்டான். பாறையிலிருந்து தண்ணீர் கொட்டியது. அடுத்த வளைவில் இன்னொன்று. அதற்கடுத்ததில் இரண்டு.

அதைப் பார்த்து அவன் மகிழ்ந்தான் என்று எழுதினேன். தப்பு. அவனுக்குக் கோபம் வந்தது. தெருமுனையில் தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துக் காத்திருக்கிற ஊர்க்காரன் அவன். இங்கே ஒரு குடமும் இல்லாமல், பிடிக்க ஓர் ஆளும் இல்லாமல், இத்தனை தண்ணீர் தன்பாட்டில் ஓடுகிறது. 'என்ன திமிரு இதுக்கு' என்று முனகிக்கொண்டான்.

கஸ்பெகியில் இறங்கி இரவு தங்கி, மறுநாள் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினான். அவன் பார்க்க வந்த பனியாறு, உறைந்து கிடக்கும் ஐஸ், மலைக்கு மேலே வெகுதூரத்தில். தங்கிய வீட்டு அம்மா வானத்தைக் காட்டி, கையை ஆட்டி, இன்றைக்கு வேண்டாம் என்றாள். அவன் தலையை ஆட்டிவிட்டு நடந்தான்.

இந்த இடத்தில் அவனைத் திருப்பி அனுப்ப நான் முயன்றேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அவன் ஏறாமல் திரும்பிவிட்டால் எனக்குச் சின்னதாக, சோகமாக, பாராட்டு வாங்குகிற மாதிரி ஒரு கதை கிடைக்கும். ஆகவே மழை வரவைத்தேன். அவன் ஜாக்கெட்டின் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டான். முழங்காலில் வலி வைத்தேன். டூட்டியில் செய்வதுபோல் கொஞ்சம் நடந்து, கொஞ்சம் நின்று, மறுபடி நடந்தான். ஊன்றுகோலோடு வந்த வெள்ளைக்காரக் கூட்டத்தை அவனைத் தாண்டிப் போகச் சொன்னேன். "போங்கய்யா, போங்க, மலை எங்கயும் ஓடிறாது," என்றான். கடைசியாக மூடுபனியைப் பாதைமேல் போட்டேன். அவன் ஒரு கல்லில் உட்கார்ந்து, ரொட்டியைத் தின்றுகொண்டு, அது விலகும் வரை காத்திருந்தான். குளிரில் காத்திருப்பது அவன் தொழில். அதில் அவனை நான் ஜெயிக்க முடியுமா? கையை எடுத்துவிட்டேன்.

பனியாறு வந்தது. அது வெள்ளையாக இல்லை.

சாம்பல் நிறம். மேலெல்லாம் கல், மண், சேறு. கிடங்கில் இப்படி ஒரு கட்டி இருந்தால் சூப்பர்வைசர் வெளியே தூக்கி வீசச் சொல்லியிருப்பார். ராக்கப்பன் வாய்விட்டுச் சிரித்தான். "இம்புட்டு அழுக்கா இருக்க," என்று அதனிடமே சொன்னான். பிறகு கையுறையைக் கழற்றி, வெறுங்கையை வைத்தான். தெரிந்த குளிர்தான். ஆனால் உள்ளே எங்கோ அது சொட்டிக்கொண்டிருந்தது, ஒருதரம் அடியாழத்தில் விரிசல் விட்டது. மெஷின் சத்தம் இல்லை. காதைத் தீட்டிக் கேட்டான், இல்லவே இல்லை. பழக்கத்தில் சத்தம் போட்டான்:

"உள்ள யாரு?"

மலை ஒன்றும் சொல்லவில்லை. "ராக்கப்பன்," என்று அவனே பதில் சொன்னான். சொல்லிவிட்டு, வெளியே போகலாம் என்று திரும்பிக் கதவைத் தேடினான். கதவு இல்லை. எல்லாப் பக்கமும் திறந்து கிடந்தது.

அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. இதைவிட நல்ல சொல் இருக்கிறதா என்று இரண்டு நாள் தேடினேன். இதுவே போதும்.

5

பனிச்சுவரின் ஓரத்தில் உருகின நீர் பாறையிலிருந்து அருவியாக விழுந்தது. அதைப் பார்த்து நின்றபோது போன் அடித்தது. பூவாயி, வீடியோ காலில்.

(அங்கே சிக்னல் கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: எனக்குத் தேவைப்பட்டது, கிடைத்தது.)

பூவாயி பார்த்தது இதுதான்: ஊதா ஜாக்கெட், வாயிலிருந்து புகை, பின்னால் பனி. பன்னிரண்டு வருஷமாக அவள் பார்க்கிற அதே படம். போன் திரையில் அழுக்குப் பனிகூட வெள்ளையாகத்தான் தெரிந்தது.

"டூட்டியிலயா இருக்கீங்க?"

அவன் ஒன்றும் சொல்லத் தேவையே இல்லை. பொய் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் பாட்டுக்குப் பேசினாள். "ஏர்போர்ட்டுக்கு மாமா வண்டி அனுப்புறேன்னுருக்காரு. நானும் வருவேன், சொல்லிட்டேன், இந்தத் தடவ யாரு தடுத்தாலும் வருவேன்." பிறகு நிறுத்தினாள். தலையைச் சாய்த்தாள்.

"ஏங்க, அங்கிட்டு என்ன தண்ணிச் சத்தம்?"

அவன் திரும்பி அருவியைப் பார்த்தான்.

"குழா கிழா ஒடஞ்சுபோச்சா? ஆளக் கூப்புட்டு அடைக்கச் சொல்லுங்க. எம்புட்டுத் தண்ணி வீணாப் போகுது, கேட்டுக்கிட்டே நிக்கிறீகளே!"

6

முடிவு அ: "ஆமா பூவாயி, பைப்பு ஒடஞ்சிருச்சு, ஆள் வந்துக்கிட்டிருக்கான்," என்று சொல்லிப் போனை வைக்கிறான். மதுரையில் இறங்குகிறான், லீவு நன்றாகப் போகிறது. ஆனால் ஊரில் எந்தக் குழாய் சொட்டினாலும் அவள், "அன்னைக்கு உங்க கம்பெனியில ஒடஞ்சுச்சே, அது மாதிரியா?" என்று கேட்பாள். ஒவ்வொரு முறையும் அவன் "ஆமா" என்று சொல்ல வேண்டும். இதுதான் நடக்கக்கூடியது. இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன்.

முடிவு ஆ: சிக்னல் போய்விடுகிறது. (கோழை வேலை. அவனுடையது அல்ல, என்னுடையது.)

முடிவு இ: அவன் போனைத் திருப்புகிறான்.

இதை மட்டும் நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். மழையிலும் மூடுபனியிலும் என்னோடு மல்லுக்கட்டி மேலே ஏறினவன், ஒரு கேள்விக்குப் பயந்து குனிந்துகொள்ள மாட்டான்.

"பூவாயி, நான் டூட்டியில இல்ல. லீவு முன்னாடியே ஆரம்பிச்சிருச்சு, ஒங்கிட்டப் பொய் சொல்லிட்டேன். ஐஸ் மலையப் பாக்க வந்திருக்கேன். குழா ஒடையல. இத யாராலயும் அடைக்க முடியாது. பாரு."

அருவியைக் காட்டினான். மேலே பனியிலிருந்து கீழே பாறைவரை, மெதுவாக, முழுதாகக் காட்டினான்.

பூவாயி திரையில் இருக்கிறாள். அவளுக்குப் பின்னால் தெருவில், லாரிக்கு வைத்த குடங்கள் வரிசையாகத் தெரிகின்றன.

அவள் சொல்ல வேண்டியதை எழுதிப் பார்த்தேன். "போதும், காட்டாதீங்க" என்று எழுதினேன். "இன்னும் கொஞ்சம் கிட்டக் காட்டுங்க" என்று எழுதினேன். "அடுத்த தடவ என்னையும்—" என்று தொடங்கி, அது எனக்கு வசதியான பதில் என்பதால் பாதியிலேயே விட்டேன். பூவாயியை நான் பார்த்ததே இல்லை. ராக்கப்பனிடமாவது ஒரு வார்த்தை பேசியிருக்கிறேன். இத்தனை வருஷம் காத்திருந்தவள் வாயில் என் வாக்கியத்தை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் யாருக்காவது அப்படிக் காத்திருந்தவரா? அப்படியானால் உங்களுக்குத் தெரியும். நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவசரமில்லை. ராக்கப்பன் போனை நீட்டிப் பிடித்தபடி நிற்கிறான், கை விறைக்கிறது, இறக்கவில்லை. பதில் கேட்காமல் மூடுகிற பழக்கம் அவனுக்குக் கிடையாது.