முப்பத்தெட்டு மில்லிமீட்டர்

அப்பாவின் வயிற்றில் புதிதாக ஒரு வாய் திறந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அந்த மூன்று வாரமும் வயிறு எரிந்தது என்னவோ மகனுக்குத்தான்.

பெருங்குடலில் கட்டி. கண்டுபிடித்தபோது வழியையே அடைத்துவிட்டிருந்தது. அவசரமாக அறுத்து, குடலின் ஒரு முனையை இடது பக்கமாக வெளியே எடுத்து வைத்து, அதன் மேல் ஒரு பையை ஒட்டிவிட்டார்கள். கல்லீரலுக்கும் பரவிவிட்டது என்று மருத்துவர் மகனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். வெளியே வந்தவன், "கல்லீரல்ல லேசா ஏதோ தெரியுதாம்ப்பா. எல்லாம் சரியாயிடும்" என்றான். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து ஓடியது எல்லாம் அவன்தான். மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை தேய்க்கிற வேலை அவனுக்கு. பாதி நாள் விடுப்புக் கேட்டுக் கேட்டு முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். பரிசோதனைத் தாள்களைத் தேதிவாரியாக அடுக்கினான். மாத்திரைகளுக்கு அட்டவணை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினான். ஆனால் பை மாற்றும் வேளை வந்தால் அப்பா சொன்னது ஒன்றே ஒன்று.

"மாப்ள வரட்டும்."

மாப்பிள்ளை, அக்காவின் கணவர். நெடுஞ்சாலை ஓரம் டயர் கடை வைத்திருந்ததால் தெருவுக்கே பஞ்சர் மாப்பிள்ளை. நகக்கண்ணில் எப்போதும் கறுப்பு. வந்ததும் மூன்று முறை சோப்புப் போட்டுக் கை கழுவி, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். மகன் வெளியே பஞ்சும் பாத்திரமுமாக நிற்பான்.

"என்ன மாமா, இன்னிக்கு இந்த நாத்தம் நாறுது? நேத்து எதத் தின்னீங்க?"

"உங்க வீட்டுக்காரி அனுப்பின முட்டைதான்."

"அப்ப கேஸை அவ மேலதான் போடணும். அசையாதீங்க. உள்ளங்கைச் சூடு பட்டாத்தான் பசை பிடிக்கும்."

"முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கே பேட்ச் ஒட்டச் சொல்லித் தர்றீங்களா?"

பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு கதவிடுக்கு வழியாக வந்து மகனின் நெஞ்சில் முள்ளாகக் குத்தும். தன்னிடம் அப்பா கடைசியாக எப்போது அப்படிச் சிரித்தார் என்று யோசித்தால் நினைவுக்கே வராது. ஒரு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவனும் உள்ளே போய், "ஒரு வாடையும் இல்லப்பா" என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான். அப்பா போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார்.

"ஒத்தாசை பண்றவர் மேல என்னடா உனக்குக் காய்ச்சல்?" என்று அக்கா கேட்டாள்.

"காய்ச்சலும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, தட்டில் இருந்ததைப் பாதியில் வைத்து எழுந்து போனான்.

திங்கட்கிழமை முதல் கீமோ. சிகிச்சை அறைக்குள் நோயாளி பக்கத்தில் ஒரே நாற்காலி, ஒருவர்தான் இருக்கலாம். அவர் பெயரை அட்டையில் எழுதிவிட்டால் நினைத்தபோதெல்லாம் மாற்ற மாட்டார்கள். பதிவுக்கு வியாழக்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள். அந்த நாற்காலியாவது தனக்குக் கிடைக்க வேண்டும். அதுவும் மச்சானுக்குப் போய்விட்டால், பெற்ற பிள்ளை என்று தான் இருந்து என்ன?

வியாழன் காலை, சுமையோடு ஒரு லாரி கடை வாசலில் படுத்துவிட்டதாகச் சொல்லி மாப்பிள்ளை வரவில்லை. அப்பா வேறு வழியில்லாமல் படுத்து, கண்ணை மூடிக்கொண்டார். மகன் மருத்துவமனைத் தாளைப் பார்த்தான். முப்பத்தெட்டு மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. தோலில் ஒட்டும் தகட்டின் நடுவில் அந்த அளவுக்கு வட்டம் வெட்டினான். வில்லை தேய்த்துப் பழகிய கை, மயிரிழை பிசகவில்லை. மச்சானுக்கு இப்படி வருமா என்று உள்ளுக்குள் ஒரு கொக்கரிப்பு.

மருத்துவமனைக் கூடத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா சட்டையின் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டார். விரலிடுக்கில் ஈரம்.

"மாப்ளைக்குப் போன் போடு."

போட்டான்.

"லாரி ஜாக்கில நிக்குது மச்சான், நான் வர ஒரு மணி நேரம் ஆகும். என்ன அளவு வெட்டின?"

"முப்பத்தெட்டு. தாள்ல அப்படித்தான் இருக்கு."

"அது ஆபரேஷன் முடிஞ்சப்போ எடுத்த அளவுய்யா. வீக்கம் வடிய வடிய அந்த வாய் சுருங்கிட்டே வருது. ஒவ்வொரு தடவையும் அளந்துதான் வெட்டணும்."

"இத எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

"நீ எங்க கேட்ட?"

கேட்கவில்லைதான். மூன்று வாரமாக அந்த மனிதரிடம் அவன் எதுவுமே கேட்கவில்லை.

கழிவறையில் அப்பாவை உட்காரவைத்து, முன்னால் மண்டியிட்டுத் தகட்டை உரித்தான். வாடை மூக்கில் அறைந்தது. வழக்கம்போல ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தான். வரவில்லை.

"நாறுதுப்பா. குடலைப் புரட்டுது."

அப்பா குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"அப்பாடா. இந்த வீட்டுல மாப்ளைக்கு மட்டும்தான் மூக்கு இருக்கோன்னு நெனச்சேன்."

மகனுக்குச் சிரிப்பும் குமட்டலும் ஒன்றாக வந்தன. துடைத்து, கையோடு கொண்டுவந்த தகட்டுப் பெட்டியிலிருந்து வட்ட வட்டமாக ஓட்டை போட்ட அளவு அட்டையை எடுத்து வைத்துப் பார்த்தான். முப்பத்திரண்டு. புதுத் தகடு வெட்டி ஒட்டி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தான். பசை சூடேறும்வரை கையை எடுக்க முடியாது. அப்பா அந்த நேரம் பார்த்துத்தான் கேட்டார்.

"டாக்டர் உன்னத் தனியாக் கூப்பிட்டாரே. என்ன சொன்னார்?"

கைக்கு அடியில் அப்பாவின் வயிறு ஏறி இறங்கியது.

"கல்லீரல்ல நாலு இடத்துல இருக்குப்பா. முழுசாப் போகாதுன்னார். மருந்து கேட்டா ரெண்டு வருஷம்போலத் தள்ளலாமாம். கேக்கலன்னா அவ்வளவு இல்லன்னார்."

அப்பா கை நீட்டிக் குழாயைத் திறந்து விரல்களைக் கழுவிக்கொண்டார்.

"மாப்ளகிட்டயும் கேட்டேன். டாக்டர் உங்க பையன்கிட்டத்தான் சொன்னாரு, அவன் வாயால கேக்கறதுதான் முறைன்னுட்டார்."

இதிலும் மச்சான்தான் ஜெயித்தார். அந்த நிலையிலும் அவனுக்குச் சுருக்கென்றது.

பதிவு மேசையில் இருந்த பெண் தலை நிமிராமல் கேட்டார்: "கூட இருக்கப் போறது யாரு?"

"மகன்" என்றார் அப்பா.

அட்டை கைக்கு வந்தபோதே போன் அடித்தது.

"ஒட்டிட்டியா மச்சான்?"

"ஒட்டியாச்சு. முப்பத்திரண்டு."

"அட்டைல யார் பேரு?"

"என் பேரு."

அந்தப் பக்கம் எதுவோ இரும்பு தரையில் விழுந்தது. "நல்லதுய்யா. அப்ப திங்கக்கிழமை நான் வர வேண்டாம். கடையைத் திறந்துக்கிறேன்."

குரல் ஒரு மாதிரி வறண்டிருந்தது. அந்த வறட்சி மகனுக்கு மிகவும் பழக்கமானது. மூன்று வாரமாகத் தன் தொண்டையில் குடியிருந்தது அதுதான். மச்சானுக்கும் பொறாமை வரும் என்று தெரிந்ததும் ஒரு கணம் தித்தித்தது. அடுத்த கணம், சோப்புப் போட்டுப் போட்டுக் கழுவிய அந்தக் கறுத்த விரல்கள் ஞாபகத்துக்கு வந்துவிட்டன.

"நீங்க வந்துதான் ஆகணும் மச்சான்" என்றான். "எனக்குக் கையே வரல. கோணலா ஒட்டித் தொலச்சிருக்கேன்."

அப்பா சட்டைக்கு மேலாகத் தடவிப் பார்த்தார். தகடு கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"பாருங்கம்மா" என்று மேசைப் பெண்ணிடம் முறையிட்டார். "மறுபடியும் பொய் சொல்ல ஆரம்பிச்சுட்டான்."