உள்கோடியில் ஏற்றிய நாற்காலி

என் வீட்டுக்காரரைத் துறைமுகத்துப் பக்கம் ‘நாளைக்கு’ என்று சொன்னால்தான் தெரியும். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் வங்கிக் கணக்கோடு சரி. யார் போன் போட்டு “என் சரக்கு எப்ப வரும்?” என்று கேட்டாலும் “நாளைக்கு வந்துடும் சார்” என்பார். கப்பல் நடுக்கடலில் நின்றாலும் நாளைக்கு. கப்பலே கிளம்பவில்லை என்றாலும் நாளைக்கு. கத்திக்கொண்டு பேச ஆரம்பித்தவன்கூடக் கடைசியில் “சரிங்க, பார்த்துக்கங்க” என்று போனை வைத்துவிடுவான்.

நான் அதே அலுவலகத்தில் அவருக்கு எதிர் மேஜை. சரக்குக்கான ஆவணங்களைத் தயாரிப்பது என் வேலை. “இப்படி வாய் கூசாமப் புளுகறீங்களே” என்பேன்.

“புளுகு இல்லம்மா, ஆறுதல். சரக்கு அது வர்றப்பதான் வரும். அதுவரைக்கும் அந்த மனுஷன் தூங்க வேண்டாமா?”

எங்கள் தொழில் இன்னதென்று சொந்தக்காரர்களுக்கு விளங்கவைக்க எங்களால் முடிந்ததே இல்லை. “சொந்தமாக் கப்பல் இருக்கா?” என்பார்கள். இல்லை. “லாரி?” அதுவும் இல்லை. “அப்ப என்னதான் இருக்கு?” “போன் இருக்கு” என்பார் இவர். யாரோ ஒருவர் சரக்கை, வேறு யாரோ ஒருவர் லாரியில் ஏற்றி, மூன்றாமவர் கப்பலில் இடம் பிடித்து ஊர் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். இதில் எங்களுக்கென்று சொந்தமாக இருப்பது வாங்கும் வசவு மட்டும்தான்.

எதிரெதிர் மேஜையில் சண்டை போட்டுச் சண்டை போட்டே கல்யாணம் வரை வந்துவிட்டோம். கல்யாணத்துக்குப் பிறகும் மேஜை மாறவில்லை. மதியம் இரண்டு பேரும் டிபன் பாக்ஸைத் திறப்போம். தன்னுடையதை அப்படியே வைத்துவிட்டு என்னுடையதில் கை வைப்பார். நான் ஸ்கேலால் கையில் ஒன்று போடுவேன். பிள்ளை குட்டி எங்களுக்கு இல்லை. குடும்பம் என்று நாங்கள் நடத்தியது பெரும்பாலும் அந்த இரண்டு மேஜைகளுக்கு நடுவில்தான்.

முதலில் குடோன் படியில் கால் தடுக்கியது. வயசாகிறது என்று கேலி செய்தேன். பிறகு பேனா கையில் நிற்கவில்லை. நரம்பு சம்பந்தப்பட்ட நோய், காலில் ஆரம்பித்து மேலே ஏறும், மருந்து கிடையாது என்று டாக்டர் சொன்னார். சொல்லிவிட்டு எங்கள் முகத்தைப் பார்க்காமல் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். வீட்டுக்கு வந்ததும் இவர், “அந்த டாக்டருக்கு நம்ம தொழில் சரிப்படாது. ஆறுதலா ஒரு வார்த்தை வாயில வருதா பாரு” என்றார். அன்றைக்குச் சிரித்தேன். அதற்காக இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது, யார்மேல் என்று தெரியாத கோபம்.

கட்டிலோடு ஆனபின் கழுத்தும் நிற்கவில்லை. சாதாரணச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்தால் தலை தொங்கிப்போகும். கட்டிலின் தலைமாட்டில் தலையணையை அடுக்கி, சாய்த்து வைத்து, மேலே குனிந்து நான் ஊட்டுவேன். அவருக்கு அப்போது இருந்தது ஒரே ஒரு ஆசை.

“மேஜையில உன் எதிர்ல உட்கார்ந்து ஒருவேளை சாப்பிடணும். நீ குனிஞ்சு குனிஞ்சு ஊட்டறப்ப உன் மூக்குதான் தெரியுது. அது ஒண்ணும் அவ்வளவு விசேஷமில்ல.”

“வேற மூக்குக்கு ஆர்டர் குடுங்களேன்.”

“நாற்காலிக்கே குடுத்துடலாம்.”

வெளிநாட்டில் இருக்கும் என் கொழுந்தன்தான் அந்த நாற்காலியைத் தேடிப் பிடித்தான். மோட்டார் வைத்தது. தலையையும் தோளையும் தாங்கிக்கொள்ளும். எவ்வளவு சாய்க்க வேண்டுமோ அவ்வளவு சாயும். “அண்ணி, பிளேன்லயே அனுப்பிடறேன். அடுத்த வாரம் அண்ணன் அதுல உட்காரலாம்” என்றான்.

இவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. பேட்டரி வைத்த சாமான் என்றால் விமானக் கம்பெனி ஆயிரம் கேள்வி கேட்கும், இறக்கும்போது தூக்கிப் போடுவான், உடைந்தால் யாரிடம் போய் நிற்பது என்றார். எல்லாம் சாக்கு. உள்ளே இருந்தது வேறு. மாதம் தவறாமல் கொழுந்தன் இருக்கும் ஊரிலிருந்து எங்களுக்கு ஒரு கன்டெய்னர் வரும். தனியாக ஒரு கன்டெய்னரை நிரப்ப முடியாத சின்ன வியாபாரிகள் பலருடைய சரக்கை ஒன்றாகச் சேர்த்து ஏற்றும் பெட்டி அது. அதை ஆரம்பித்து வைத்தவர் இவர். “ஊர்க்காரன் சரக்கையெல்லாம் என் பெட்டியில கொண்டாந்துட்டு, என் நாற்காலியை இன்னொருத்தன்கிட்ட குடுக்கச் சொல்றியா?” என்றார். நான் வாக்குவாதம் செய்தேன். நோயாளியிடம் எவ்வளவுதான் கத்த முடியும்? விட்டுவிட்டேன்.

அங்கே சரக்கு ஏற்றிய அன்று போனை அவர் காதோரம் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்குள் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொன்னேன்.

“முதல்ல அதை ஏத்தச் சொல்லு. உள்கோடியில. கதவுக்கு எதிர்ச்சுவரோட ஒட்டி. கதவுகிட்ட வேண்டாம், அலையில சரக்கு சரிஞ்சா மேல வந்து விழும்.”

உடையக்கூடியதை, அருமையானதை உள்கோடியில் வை என்பது அவர் காலமெல்லாம் கடைப்பிடித்த வழக்கம். அப்படி வைத்து அவர் கொண்டுவந்த சரக்கு எதுவும் உடைந்ததில்லை. நாற்காலிப் பெட்டி உள்ளே போய், அதன் முன்னால் டைல்ஸ், மெஷின் பாகம், துணி மூட்டை என்று வரிசையாக அடுக்கி, கதவு மூடி சீல் விழுந்த படம் போனுக்கு வந்தது. படத்தை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, “அழகா இருக்கு” என்றார். இன்னொரு ஆணுக்கு ஒரு பெண்ணைப் பார்த்தால்தான் அப்படி முகம் மலரும்.

கப்பல் கிளம்பிய கொஞ்ச நாளில், வழியில் இருந்த கடலிடுக்கில் சண்டை என்று செய்தி வந்தது. டிவியில் யார் பக்கம் நியாயம் என்று அடித்துக்கொண்டார்கள். எங்கள் மாதிரி ஆட்களுக்குச் செய்தி என்றால் ஒன்றுதான்: கப்பல் எந்தப் பக்கம் திரும்பும்? எங்கள் கப்பல் ஒரு கண்டத்தையே சுற்றிக்கொண்டு வந்தது. சுற்றி வந்த கப்பல்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்ததால் எங்கள் துறைமுகத்துக்கு வெளியே கூட்டம். காத்திருக்க மனமில்லாத கப்பல்காரன் எங்கள் துறைமுகத்தைத் தாண்டிப் போய், எங்களுக்கான பெட்டிகளையெல்லாம் வேறொரு நாட்டில் இறக்கி வைத்துவிட்டான். அங்கிருந்து சின்னக் கப்பலில் இடம் கிடைக்கும்போது வந்து சேருமாம்.

இதைச் சொன்ன கப்பல் கம்பெனிக் கடிதம் அலுவலகத்தில் என் கணினிக்குத்தான் வந்தது. நான் வீட்டில் சொல்லவில்லை.

“கப்பல் எங்கம்மா?” என்று சாயங்காலம் கேட்டார்.

“வந்துட்டே இருக்கு. நாளைக்குக் கரை பிடிச்சுடும்.”

என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு திடீரென்று, அந்தக் குழறல் பேச்சிலேயே, கோபக்கார வியாபாரி மாதிரி ஆரம்பித்தார். “என்ன மேடம், போன வாரமும் இதையேதான் சொன்னீங்க! உங்க முதலாளியக் கூப்பிடுங்க!”

எனக்குப் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது. “சார், கோவிச்சுக்காதீங்க, கடல்ல காத்து சரியில்ல.”

“காத்துக்கும் எனக்கும் என்னம்மா? என் சரக்கு கெட்டுப்போவுது!”

“என்ன சரக்கு சார்?”

“நான்தான்.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்துச் சிரித்து அவருக்குப் புரையேறி, முதுகைத் தடவிவிட்டு, அப்புறமும் சிரித்தோம். அதற்குப் பிறகு அது தினசரி விளையாட்டாகிவிட்டது. அவர் வியாபாரி, நான் ‘நாளைக்கு’. அலுவலகத்தில் இருந்து வரும்போதே இன்றைக்கு என்ன சாக்குச் சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டு வருவேன். அந்த நாட்களில் நாங்கள் சந்தோஷமாக இருந்தோம் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

பகலில் நிஜ வியாபாரிகள் என்னைப் பிய்த்தெடுத்தார்கள். அதிலும் ஒரு டைல்ஸ்காரர், புதிதாக எங்களிடம் வந்தவர், என்னைக் குரலாக மட்டுமே தெரிந்தவர், தினமும் கூப்பிடுவார். “உங்களுக்கென்ன மேடம், ஏசி ரூம்ல உட்கார்ந்துக்கிட்டு. உங்க சரக்கா நிக்குது?” என்பார். பல்லைக் கடித்துக்கொள்வேன்.

வீட்டில் இவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. பெட்டி இறங்கிக் கிடந்த ஊரின் ஏஜென்ட்டைக் கூப்பிட்டேன். அந்த ஒரு நாற்காலியை மட்டும் வெளியே எடுத்து விமானத்தில் ஏற்றிவிட முடியுமா, எவ்வளவு செலவானாலும் பரவாயில்லை என்று கெஞ்சினேன். நல்ல மனிதர். சுங்க அதிகாரியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார். பிறகு கேட்டார், “கதவுப் பக்கம் இருந்தா சீக்கிரமா எடுத்துடலாம் மேடம். எங்க இருக்கு?”

“உள்கோடியில.”



“அப்ப எல்லார் சரக்கையும் இறக்கணுமே மேடம். அதுக்கு இங்க விடமாட்டாங்க. கவலைப்படாதீங்க, அடுத்த கப்பல்லயே ஏத்திடலாம். கண்டிப்பா.”

எவ்வளவு இதமான குரல்! அத்தனை வருஷம் எதிர் மேஜையில் கேட்ட அதே குரல்தான். அதை வாங்கிக்கொள்ளும் பக்கத்தில் இருந்தால் எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. ஆறுதலாகவே இல்லை.

அன்று சாயங்காலம் நான் வழக்கம்போல ஆரம்பித்தபோது அவர் வியாபாரியாகவில்லை.

“விளையாட்டு போதும்மா. நிஜமா எங்க இருக்கு?”

சொல்லிவிட்டேன். சண்டை, சுற்றுவழி, வேறு துறைமுகம், எல்லாவற்றையும். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். எல்லாம் அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று எனக்குத் தோன்றியது. செய்தியைக் கேட்டுக் கப்பலின் வழியைச் சொல்லிவிடக்கூடிய மனிதர் அவர்.

“நடுவுல எடுக்க முடியலையா?”

“கேட்டேன். முடியாதாம்.”

“கதவுகிட்ட வச்சிருந்தா எடுத்திருக்கலாம். இல்ல?”

ஊரையே சமாளித்த மனிதர், ஒரு சின்னப் பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்க வச்சிருந்தாலும் முடியாதாம். சீல் வச்ச பெட்டியைத் திறக்கவே கூடாதுன்னுட்டாங்க. நானே அந்த ஏஜென்ட்கிட்ட கேட்டேன்.”

“கேட்டியா?”

“ரெண்டு தடவை கேட்டேன்.”

அவர் வாயோரம் லேசாகக் கோணியது. “ரெண்டு தடவைன்னு சேர்த்தே பாரு, அங்கதான் நிக்கறே நீ” என்றார். பிறகு தண்ணீர் கேட்டார். கரண்டியால் கொடுத்தேன். மேற்கொண்டு அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. அவர் நம்பினாரா, எனக்காக நம்பியதாகக் காட்டினாரா என்று இந்த நிமிஷம்வரை எனக்குத் தெரியாது.

பெட்டி சின்னக் கப்பலில் ஏறிவிட்டது என்று தெரிந்ததும் ஓடிவந்து அவரிடம் சொன்னேன். அந்தக் கப்பல் எங்கே வருகிறது என்பதைப் போனில் பார்க்கலாம். கடலின் நீலத்தில் ஒரு சின்னப் புள்ளி நகரும். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருப்பேன். அன்று மதியமும் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி முன்தினத்தைவிட நன்றாக நகர்ந்திருந்தது. அதைக் காட்டலாம் என்று நிமிர்ந்தபோது அவர் போயிருந்தார். ஒரு முழம் தள்ளிப் படுத்திருந்த மனுஷன் எந்த நிமிஷம் போனான் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் போனைச் சுவரில் எறிந்தேன். உடையவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

கொழுந்தன் வந்து போய்விட்டான். அவர் போன ஏழாம் நாள் பெட்டி கரைக்கு வந்ததும், முதலாளி “நீ வர வேண்டாம்மா, வேற ஆள் பார்த்துக்கும்” என்றார். நான் போனேன். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? குடோனில் சீலை வெட்டிக் கதவைத் திறந்தார்கள். துணி மூட்டைகள் வந்தன. மெஷின் பாகங்கள் வந்தன. ஒவ்வொருவராகத் தங்கள் சரக்கைப் பார்த்து, ஒரு கீறலும் இல்லை என்று சந்தோஷப்பட்டு, கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனார்கள். கடைசியாக டைல்ஸ் இறங்கியது. அதற்குப் பின்னால், எதிர்ச்சுவரோடு ஒட்டிக்கொண்டு, அந்த மரப்பெட்டி. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அதை மெதுவாக, மிக மெதுவாகக் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டு வண்டியை அணைத்தார். அவருக்கு விஷயம் தெரியும்.

டைல்ஸ்காரருக்குத் தெரியாது. போனில் கத்துகிறவர் நேரில் குட்டையாக, கலகலப்பாக இருந்தார். ஒரு பெட்டியைப் பிரித்து டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டினார். பிறகு அவர் கண் மரப்பெட்டிமேல் விழுந்தது.

“இது யாருது மேடம்? எல்லாரும் எடுத்தாச்சு, இது மட்டும் கிடக்கு?”

“எங்களுது.”

“அட, உங்க சரக்கும் இதுலயா இருந்துச்சு! தெரியாம ஏதேதோ பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க.” கொஞ்சம் வெட்கப்பட்டுச் சிரித்தார். “உங்களுக்கும் லேட்டாயிடுச்சா?”

“ஆமா.”

“எவ்வளவு?”

“ஒரு வாரம்.”

“ஒரு வாரமா?” அவருக்கு நிஜமாகவே ஆச்சரியம். “கடல் சரக்குல ஒரு வாரமெல்லாம் ஒரு லேட்டா மேடம்?”

இல்லைதான். எங்கள் தொழிலில் ஒரு வாரத்துக்கு யாரும் வாயைக்கூடத் திறக்கமாட்டார்கள். டைல்ஸை ஒப்படைத்ததற்கு அவர் நீட்டிய தாளில் நானும் கையெழுத்துப் போட வேண்டும். போட வரவில்லை.

“லேட்தான் சார்” என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “லேட்தான்” என்று மறுபடியும் சொன்னேன். அவர் அவசரமாக, “ஆமாம்மா, லேட்தான், லேட்தான்” என்று என் கையிலிருந்த பேனாவை வாங்கிக்கொண்டார்.