லைன்ல இருக்கேன்

மூன்றாவது டேக்கிலும் சாவிக்காரர் ஓர் இடத்தில்கூடத் திக்கவில்லை.

"எனக்குப் பேச வரும். நீங்கதான் முடிக்க விடமாட்டேங்கிறீங்க." எழுதிக்கொடுத்த வசனத்தைச் செய்தி வாசிப்பவர் மாதிரி மடமடவென்று சொல்லிவிட்டு, சரியா என்பதுபோல் டைரக்டர் பெண்ணைப் பார்த்தார். அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். உட்காராமல் என்ன செய்வாள், பாவம்? திக்குகிற ஒருவரைப் பற்றிய படத்தில் நிஜமாகவே திக்குகிற ஒருவர்தான் நடிக்க வேண்டும் என்று தயாரிப்பாளரிடம் மல்லுக்கட்டி, இவரைக் கண்டுபிடித்து, கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டி வந்திருக்கிறாள். இவரோ கேமராவைப் பார்த்ததும் வெள்ளமாகப் பொழிகிறார். அவருக்கே ஆச்சரியம்தான். பிறத்தியார் எழுதிய வார்த்தை என்றால் நாக்கு மறுபேச்சில்லாமல் சொன்னபடி கேட்கிறது.

"அண்ணா, வசனத்தை விடுங்க. நீங்க எப்பவும் எப்படிப் பேசுவீங்களோ, அப்படியே பேசுங்க."

முயன்று பார்த்தார். "எ எ எ எனக்குப் பே பே பே" என்று கண்ணை உருட்டி, தலையை ஆட்டி, ஏதோ வந்தது. லைட் பிடித்திருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாவிக்காரருக்கு உடம்பெல்லாம் கூசியது. இது அவருடைய திக்கல் இல்லை. அந்தச் சமையல்காரனுடையது.

அந்தச் சமையல்காரன் வேறு யாருமில்லை, பல வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு படத்தில் வந்த ஆசாமி. வாயைத் திறந்தாலே தியேட்டர் குலுங்கும். வீடு பற்றிக்கொண்டது என்று சொல்ல ஓடி வருவான், "நெ நெ நெ" என்று தொடங்கி "நெருப்பு" என்று முடிப்பதற்குள் வீடு சாம்பலாகிவிடும். படம் வந்த வாரமே சாவிக்காரருக்கு 'ரிப்பீட்டு' என்று பெயர் விழுந்தது. டூப்ளிகேட் சாவி போடுகிறவருக்கு இதைவிடப் பொருத்தமாக ஒரு பெயர் கிடைக்குமா என்று கடைத்தெருவே மெச்சிக்கொண்டது. அவரும் கூடவே சிரித்துவைத்தார். நிஜத்தில் அவர் "நெ நெ" என்றெல்லாம் சொல்வதே கிடையாது. பூட்டுக்குள் போன சாவி திரும்பாமல் நின்றுவிடுமே, அதுபோலத்தான் அவருக்கு. கழுத்து இறுகும், கண் மூடிக்கொள்ளும், சத்தமே வராது. அதை எந்தப் படத்திலும் அவர் பார்த்ததில்லை. பார்த்திராததை எப்படி நடிப்பது?

"இது வேலைக்காகாதும்மா," என்றார் தயாரிப்பாளர், நாற்காலியை விட்டு எழாமலே. "அந்தச் சமையல்காரனா நடிச்ச காமெடியன் சும்மாதான் இருக்காரு. நாளைக்கே வரச் சொல்றேன்."

"அவர் வந்தா மறுபடியும் அதே நெ நெ நெ தான் சார்."

"இருக்கட்டுமே. ஜனங்க சிரிப்பாங்கல்ல?"

சாவிக்காரர் காதில் இது விழுந்தது. பணத்துக்கோ பேருக்கோ அவர் இங்கே வரவில்லை. இந்த வருஷம்தான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருக்கும் அவர் மகளுக்கும் நாக்கு அங்கங்கே நிற்கிறது. நிற்கும்போது அவளும் அவரைப் போலவே கண்ணை மூடிக்கொள்கிறாள். இந்தப் படமும் சிரிக்க வைக்கிற படமாகிவிட்டால், அந்தக் குழந்தைக்கும் யாராவது ஒரு பெயர் தயார் செய்துவிடுவார்கள்.

லைட்டுக்குப் பின்னால் அவர் மனைவி நின்றிருந்தாள். ஆஸ்பத்திரி ஒன்றில் டெலிபோன் ஆபரேட்டர். இதற்காகவே லீவு போட்டிருந்தாள். அலமாரிச் சாவி தொலைந்துபோய் அவர் கடைக்கு வந்தவள்தான். மற்றவர்கள் எல்லாம் அவர் வார்த்தையைப் பிடுங்கித் தாங்களே முடித்துவைப்பார்கள். இவள் மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவாச் சொல்லுங்க, லைன்ல இருக்கேன்," என்றாள். அன்றைக்கே மனுஷன் விழுந்துவிட்டார். இன்றைக்கும் அவர் நாக்கு நின்றால் அவள் சொல்வது அதே வார்த்தைதான். அவளுக்கு அவரைப் பற்றி ஒரு பெருமையும் உண்டு. டாக்டரை மருத்துவர் என்பார், டிக்கெட்டைப் பயணச்சீட்டு என்பார், டிவி அவருக்குத் தொலைக்காட்சிதான். அவர் கடைப் பலகையில்கூட 'மாற்றுச் சாவி' என்றே இருக்கும். "எங்க வீட்டு வித்வான்" என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள்.

"சரி, பத்து நிமிஷம் பிரேக்," என்றாள் டைரக்டர் பெண், சோர்ந்துபோய்.

படப்பிடிப்பு நடந்தது சாவிக்காரர் தினமும் வருகிற கடையில்தான். மாஸ்டர் கேட்காமலே அவர் முன்னால் வழக்கமான காபியைக் கொண்டுவந்து வைத்தார். சாவிக்காரர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு விரலால் தம்ளரை மெல்லத் தள்ளினார்.

"மாஸ்டர்... எனக்கு..."

நின்றுவிட்டது. கழுத்து நரம்பு புடைத்தது, கண் மூடிக்கொண்டது.

டைரக்டர் பெண் துள்ளி எழுந்தாள். "அண்ணா, கேமரா ஓடலாமா?" என்று மெதுவாகக் கேட்டாள். கண்ணைத் திறக்காமலே தலையசைத்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்ன ரிப்பீட்டு, சக்கரை கம்மியா?" மாஸ்டர் ஆரம்பிக்க, அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள். கடை முழுக்க அப்படியே நின்றது. தயாரிப்பாளர்கூட அசையவில்லை. சிறுவயதில் சாவிக்காரர் இப்படித்தான் ஒரு கடையில், பின்னால் வரிசை நிற்க, "என்னய்யா வேணும், சீக்கிரம் சொல்லு" என்ற அதட்டலில், வேண்டியது வாயில் வராமல், வந்ததைச் சொன்னார்: காபி. பிறகொரு நாள் தேநீர் என்று கேட்டுப் பார்த்தார். புலவர் வந்துட்டாருப்பா என்று கடையே சிரித்தது. அதற்குக் காபியே தேவலை என்றாகிவிட்டது. கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது.

உதடு அசைந்தது. சத்தம் இல்லை. மறுபடி அசைந்தது.

"டீ," என்றார்.

அவ்வளவுதான். சாதாரணமாக, சின்னதாக வந்தது.

"டீயா? நீங்களா?" என்றார் மாஸ்டர்.

மனைவி லைட்டையும் கேமராவையும் மறந்து நேராக நடந்து வந்தாள். வயரைத் தாண்டும்போது தடுக்கியது, அதையும் அவள் கவனிக்கவில்லை. எதிர் பெஞ்சில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தாள்.

"அப்போ மருத்துவர், பயணச்சீட்டு, எல்லாம் 'ட' வராததாலதானா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்.

"தமிழ்ப்பற்றுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு இருந்தேனேங்க." அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "தினம் காலையில காபி போட்டு நீட்டுறேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

அதுதான் வராதே என்பதுபோல் அவர் நிமிர்ந்து பார்த்தார். கேட்ட பிறகுதான் அவளுக்கும் உறைத்தது.

மாஸ்டர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஓசையில்லாமல் நகர்ந்தார். டைரக்டர் பெண் கட் சொல்லவில்லை. மனைவி காபித் தம்ளரை எடுத்து அவர் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தாள்.

"இன்னும் என்னென்ன இருக்கு? எல்லாத்தையும் சொல்லுங்க. லைன்ல இருக்கேன்."

அவர் வாயைத் திறந்தார். கழுத்து இறுகியது, கண் மூடிக்கொண்டது. அவள் கன்னத்தில் கையை ஊன்றிக்கொண்டு காத்திருந்தாள். இருவருக்கும் நடுவில் டீயில் ஆவி பறந்துகொண்டிருந்தது.