சொந்தமாக ஒரு சுற்று

என் வாசிப்பில் ஒரு தப்புகூடக் கண்டுபிடிக்க முடியாது. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, எங்கள் குழுவின் டிரம்மர் இளம்பரிதியே சொன்னான். அதோடு நிறுத்தியிருந்தால் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருப்பேன். நிறுத்தவில்லை. "அதுதான் டீச்சர் பிரச்சினையே" என்றான்.

நான் பிரகதீஸ்வரி. பாபநாசத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையானால் சாக்ஸபோனைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் பஸ் ஏறிவிடுவேன். அங்கே சலாஹுதீன் பாயின் செல்போன் கடை மாடியில் எங்களுக்கு ஒத்திகை. பாய் பேஸ் கிட்டார். பரிதி டிரம்ஸ், வார நாட்களில் வங்கி வேலை. மூன்றே பேர்தான். ஜாஸும் ப்ளூஸும் வாசிக்கிறோம் என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம். ஊரில் கேட்டால், "ஏதோ இங்கிலீஷ் பேண்டு" என்பார்கள்.

விஷயம் இதுதான். ப்ளூஸ் ஒரு சின்னச் சுற்று. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும், மறுபடி முடியும். சுற்று மாறாது. அதன்மேல் நாம் வாசிப்பது மட்டும் ஒவ்வொரு தடவையும் அந்த நேரத்தில் தோன்றியபடி மாற வேண்டும். மாற வேண்டும் என்பது பரிதியின் கட்சி. நானோ, எப்போதோ செத்துப்போன ஓர் அமெரிக்கக்காரர் ஒரு ரெக்கார்டில் தனியாக ஊதிய சோலோவை, மூச்சு எங்கே விட்டார் என்பதுவரை எடுத்து வைத்திருக்கிறேன். அதைத்தான் வாசிப்பேன். எதற்கு மாற்ற வேண்டும்? அவர் நன்றாகத்தானே வாசித்திருக்கிறார்.

மார்கழியில் ஒரு ஒத்திகை. என் சோலோ பாதியில் இருக்கும்போது பரிதி திடீரென்று தாளத்தை அடக்கிவிட்டுச் சும்மா ஓரத்தில் தட்டினான். நான் நின்றுவிட்டேன். பிறகு முதலிலிருந்து ஆரம்பித்தேன்.

"டீச்சர், நீங்க வாசிக்கலை. ஒப்பிக்கிறீங்க" என்றான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒப்பிக்கிறேனா? அதைக் காதால கேட்டுக் கேட்டு எடுக்க எனக்கு ஒரு முழுப் பரீட்சை லீவு போச்சு தம்பி."

"இல்லைன்னு சொல்லலை. ஆனா அது அவரோட சோலோ. அவரு அன்னைக்கு வாசிச்சாரு, போயிட்டாரு. உங்களோடது எங்க?"

நான் பாயைப் பார்த்தேன். அவர் கிட்டார் கம்பியைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தார். துடைத்துக்கொண்டே, "அவன் சொல்றதுலயும் ஒரு இது இருக்குங்க டீச்சர்" என்றார்.

பரிதி குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் பேசினான். தை கடைசியில் பாண்டிச்சேரியில் ஒரு ஜாஸ் விழா. எங்கள் குழுவுக்கு முதல் முறையாக வெளியூர் மேடை. அங்கே வேறு ஊர்க்காரர்களும் எங்களோடு ஏறி வாசிப்பார்கள். பாட்டை இழுப்பார்கள், சுருக்குவார்கள், நடுவில் உங்கள் முறை என்று தலையாட்டுவார்கள். அப்போது நான் நின்றுபோனால் மூன்று பேருக்குமே அசிங்கம்.

"திருச்சியில வளவன்னு ஒருத்தன் ட்ரம்பெட் வாசிக்கிறான். எதுக்கும் தேதியைச் சொல்லி வச்சிருக்கேன், கூப்பிட்டா வந்துடுவான். எனக்குக் கூப்பிட மனசில்லை. காணும் பொங்கலுக்கு எங்க ஊர்ல வாசிக்கிறோம்ல? அன்னைக்கு ஒரே ஒரு சுற்று உங்க சொந்தமா வாசிங்க. அவ்வளவுதான் நான் கேக்குறது."

அய்யம்பேட்டை வரை பஸ்ஸில் அவனை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். அதற்கப்புறம் திட்ட முடியவில்லை. அந்தப் பாண்டிச்சேரி மேடை எனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. வேலை, கல்யாணம், வீடு எல்லாம் யார் யாரோ பார்த்து முடித்து வைத்தது. இது ஒன்றுதான் நானாக ஆசைப்பட்டது. அதைப் போய் முகம் தெரியாத ஒரு வளவனுக்குக் கொடுத்துவிடுவதா?

வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு சொந்தமாக ஊதிப் பார்த்தேன். கண்ணை மூடினால் அமெரிக்கக்காரர் வந்து நிற்கிறார். கண்ணைத் திறந்தால் ஒன்றுமே வரவில்லை. இப்படியே ஒரு வாரம் போனது. அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் சொந்தமாக ஒரு சோலோவை முன்கூட்டியே உட்கார்ந்து செய்துவிட்டால்? செய்து, நன்றாக மனப்பாடம் பண்ணி, அன்றைக்கு அப்போதுதான் தோன்றியதுபோல முகத்தை வைத்துக்கொண்டு வாசித்தால் யாருக்குத் தெரியப்போகிறது? கேள்வி என்னவென்று தெரிந்த பரீட்சைக்குப் படிக்காமல் போக எனக்கென்ன பைத்தியமா?

செய்தேன். நன்றாகவே வந்தது. காலையும் மாலையும் ஊதி ஊதி உருப்போட்டேன்.

என் வீட்டுக்காரர் குணசேகரனுக்குச் சங்கீதம் தெரியாது. ஆனால் அவர் காதில் விழுந்தது எதுவும் போகாது. ஒரு பாட்டை நான்கு தடவை கேட்டால் ஐந்தாவது தடவை அவரே பாடுவார். சம்பா பழுத்துவிட்டது, அறுவடைக்கு முன்னால் வயலில் தண்ணீர் வடிய வேண்டும் என்று மண்வெட்டியோடு போவார். போகும்போதும் வரும்போதும் என் சோலோதான். குளிக்கும்போதும் அதேதான். எனக்கும் அது சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

காணும் பொங்கலன்று பரிதியின் ஊருக்கு எங்கள் ஸ்கூட்டரில் போனோம். பாபநாசத்திலிருந்து பத்து நிமிஷம். பள்ளிக்கூட மைதானத்தில் டிராக்டர் டிப்பர்களைச் சேர்த்து நிறுத்தி மேடை போட்டிருந்தார்கள். மதியத்திலிருந்தே கோலப்போட்டி, இசை நாற்காலி, சாக்கு ஓட்டம் எல்லாம் நடந்துகொண்டிருந்தன. மைக் பரிதியின் பெரியப்பா இராஜாங்கத்தின் கையில் இருந்தது. அவர் ஊர் இளைஞர் மன்றத் தலைவர், பேரன் எடுத்துவிட்டார். அவர் மைக்கைக் கீழே வைத்து யாரும் பார்த்ததில்லை என்று பரிதி சொன்னான்.

"வண்டியை ஓரமா நிறுத்துங்க" என்றேன் வீட்டுக்காரரிடம்.

"நிறுத்தியாச்சு, நிறுத்தியாச்சு."

மைதானத்தின் வாசலில் டீக்கடை. நானும் பரிதியும் பாயும் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம். வீட்டுக்காரர் வந்து ஒரு கிளாஸை வாங்கிக்கொண்டு, ஊதி ஆற்றிக்கொண்டே முனக ஆரம்பித்தார். என் சோலோ. முதல் சுற்று முழுவதும், ஒரு இழை பிசகாமல். நான் அவர் காலை மிதித்தேன். அவர் காலைத் தள்ளி வைத்துக்கொண்டு இரண்டாவது சுற்றுக்குப் போனார்.

பரிதிக்குப் பிடித்துவிட்டது. "நல்லாருக்கே சார், இது என்ன பாட்டு?"

"இதுவா? ஈஸ்வரி இன்னைக்கு சொந்தமா வாசிக்கப் போறதுப்பா" என்றார் அந்த உத்தமர்.

பாய்க்கு டீ புரை ஏறிவிட்டது. பரிதி என்னைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டுத் தப்பித்திருப்பேன். அவன் கொஞ்சம் வருத்தமாகத்தான் பார்த்தான். "சரி டீச்சர், வாசிங்க. கேப்போம்" என்று சொல்லிவிட்டு மேடைப் பக்கம் போய்விட்டான். எனக்கு அங்கேயே பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. வீட்டுக்காரரிடம், "உங்களை வீட்டுல வச்சுக்கிறேன்" என்றேன். என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் அவர் இன்னொரு டீ சொன்னார்.

வெயில் தாழ்ந்ததும் மேடையேறினோம். பாட்டை நன்றாகத்தான் ஆரம்பித்தோம். முன்வரிசையில் பெண்கள், அவர்களுக்குப் பின்னால் கரும்பு கடித்துக்கொண்டு பிள்ளைகள். என் முறை வந்தது. வேறு வழி இல்லை, உருப்போட்டதையே எடுத்தேன். பரிதி முகத்தைப் பார்க்காமல் வாசித்தேன். முதல் சுற்றில் பாதி தாண்டவில்லை, தலைக்கு மேலிருந்த குழாய் ஸ்பீக்கர் அலறியது.

"கயிறு இழுக்கும் போட்டியில் கலந்துகொள்ளும் அணியினர் உடனடியாக மேடை அருகே வருமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

இராஜாங்கம் பெரியப்பாதான். என் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இன்னொரு மைக்கில். நான் நின்றுபோனேன். பாயும் பரிதியும் நிறுத்தவில்லை, சுற்று ஓடிக்கொண்டே இருந்தது. அது முதலுக்கு வரும்வரை காத்திருந்து, மறுபடி என் சோலோவை ஆரம்பித்தேன்.

"கோலப்போட்டியில் இரண்டாம் பரிசு பெற்ற கலைமகள் அவர்கள், தங்களுடைய எவர்சில்வர் குடத்தை இன்னும் பெற்றுக்கொள்ளவில்லை. உடனடியாகப் பெற்றுக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்."

விட்ட இடம் எங்கே என்று தேடினேன். இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், உருப்போட்ட ஒன்றுகூட உள்ளே இல்லை. துடைத்துவிட்ட கரும்பலகை மாதிரி இருந்தது. பாண்டிச்சேரி போச்சு என்று நினைத்தேன். அழுகை வரவேண்டிய இடத்தில் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும். வந்தது. அந்த மனிதர் "அன்புடன்" என்பதில் குரலை ஏற்றி, "கேட்டுக்" என்று இழுத்து, "கொள்கிறோம்" என்று இறக்கி முடிப்பார், ஒவ்வொரு தடவையும் அதே இராகம். நான் சாக்ஸபோனை அவர் பக்கம் திருப்பி, அதே ஏற்றத்தையும் இழுப்பையும் இறக்கத்தையும் அப்படியே அவர் முகத்துக்கு நேராகத் திருப்பி ஊதினேன். வகுப்பில் வாயாடுகிற பையனுக்குப் பழிப்புக் காட்டுவது போல.

முன்வரிசை கொல்லென்று சிரித்தது. இராஜாங்கம் பெரியப்பா என்னைப் பார்த்தார். பார்த்துவிட்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, "மீண்டும் ஒருமுறை அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்" என்றார்.

நான் இன்னும் கொஞ்சம் மேலே போய்ப் பதில் சொன்னேன். அவர் கலைமகளை அழைத்தார். நானும் கலைமகளை அழைத்தேன். அந்தப் பெண் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு ஓடிவந்து குடத்தை வாங்கிக்கொண்டது. பரிதி அதற்கு ஒரு உருட்டு உருட்டினான். அவன் அடக்கியபோது நானும் அடங்கினேன், நிற்கவில்லை. பாயின் பேஸ் அடியில் நடந்துகொண்டே இருந்தது. சுற்று எத்தனை தடவை முடிந்து முதலுக்கு வந்தது என்று நான் கவனிக்கவே இல்லை.

அப்போதுதான் அடுத்த அறிவிப்பு வந்தது. "டிஎன் நாற்பத்தொன்பது" என்று தொடங்கி, எண்ணை நிறுத்தி நிதானமாகச் சொல்லி, "நீல நிற ஸ்கூட்டரைப் பாதையின் குறுக்கே நிறுத்தியிருப்பவர், கரும்பு டிராக்டர் வர இயலாததால், உடனே எடுக்குமாறு அன்புடன்" என்றார்.

எங்கள் ஸ்கூட்டர்.

இதற்கு நான் தனியாக யோசிக்க வேண்டியிருக்கவில்லை. வீட்டில் தினமும் சொல்வதுதான். கீழே அமைதியாக ஆரம்பித்தேன்: நான் சொன்னேனா இல்லையா? பிறகு ஒவ்வொன்றாக அடுக்கினேன்: வண்டியை நிறுத்தியது, டீக்கடையில் வாயைத் திறந்தது, போன தீபாவளிக்கு நடந்தது. கடைசியில் மேலே போய் ஒரே கேள்வியை நீளமாக இழுத்தேன். ஒரு சொல்கூட இல்லாமலே முன்வரிசைப் பெண்களுக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. "வீட்டுக்காரரு போல" என்று ஒரு அம்மா சொன்னது மேடைவரை கேட்டது. கூட்டத்தின் நடுவிலிருந்து வீட்டுக்காரர் எழுந்து, இரண்டு கையையும் தூக்கி, "போறேன், போறேன்" என்று சைகை காட்டிக்கொண்டு ஓடினார்.

"உரிமையாளர் கிடைத்துவிட்டார்" என்றார் இராஜாங்கம் பெரியப்பா.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்துக்கொண்டு சாக்ஸபோன் ஊத முடியாது, அதனால் ஒரு இடம் வெறுமனே விட்டேன். அந்த இடத்தைப் பரிதி எடுத்துக்கொண்டு எனக்குத் திருப்பிக் கொடுத்தான். அவன் கொடுத்ததை வாங்கி, அந்த "கேட்டுக்கொள்கிறோம்" இறக்கத்தை மெதுவாக, இந்த முறை நிஜமாகவே அன்புடன் வாசித்தேன். மூன்று பேரும் ஒரே அடியில் முடித்தோம். இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் வந்ததில்லை.

கீழே இறங்கிய பிறகுதான் பயம் வந்தது. பரிதி குனிந்து டிரம்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான். நான் பாயைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். ஸ்கூட்டரை ஓரம்கட்டிவிட்டு வேர்த்து விறுவிறுத்து வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

பரிதி நேராக அவரிடம் போனான். "சார், அங்க கேட்டுச்சா?"

"ஊர் பூரா ஸ்பீக்கர் கட்டியிருக்கீங்க, கேக்காம?"

"டீச்சர் இன்னைக்கு வாசிச்சதைக் கொஞ்சம் பாடுங்க, கேப்போம்."

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். வந்தது நான் வீட்டில் உருப்போட்டது. "இது இல்ல" என்று அவரே நிறுத்தினார். கண்ணை மூடி இன்னொரு தடவை முயன்றார். தலையைச் சொறிந்தார். "என்னப்பா இது, எனக்கு வரலையே. ஈஸ்வரி, நீ ஆரம்பிச்சுக் குடேன்."

சாக்ஸபோன் என் கழுத்தில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து உதட்டில் வைத்தேன். எங்கே ஆரம்பித்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கீழே இறக்கிவிட்டேன்.

"எனக்கும் ஞாபகம் இல்லைங்க" என்றேன்.

பரிதி செல்போனை எடுத்தான். என்னைப் பார்த்துக்கொண்டேதான் பேசினான். "வளவா, பாண்டிச்சேரிக்கு நீ வர வேணாம்ப்பா. டீச்சர் வர்றாங்க."

நான் டீக்கடைக்குப் போய் அவனுக்கு ஒரு டீ சொன்னேன்.