டோரிஸின் இடப்பக்கம்

எங்கள் தொகுதியின் உறுப்பினர் பதவியில் இருக்கும்போதே காலமாகிவிட்டதால், ஆகஸ்டில் இடைத்தேர்தல் வந்தது. பிரதிநிதிகள் சபைக்கு நின்ற இரண்டு பேரையும் மூக்கு ஒழுகிய காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். ஆனால் தொலைக்காட்சியில் காட்டினார்களே இரண்டு பேர், அவர்கள் யாரென்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது.

டார்லா ஸ்கோக்லன் பால்பண்ணைக்காரர் மகள். இன்றும் அதே பண்ணையில்தான் இருக்கிறாள். கர்டிஸ் ஸ்டீகி மினியாபொலிஸில் கம்பெனி நடத்திப் பணக்காரனாகி, அறுபது வயதில் ஊர் திரும்பியவன். டார்லாவின் விளம்பரத்தில் பளபளக்கும் ஷூ ஒன்று சாணத்தை அருவருப்போடு தாண்டிப் போகும். மாட்டு மடியைத் தொட்டே பார்க்காத கை நமக்கு என்ன செய்யும் என்று ஒரு கனத்த குரல் கேட்கும். அந்தக் குரலைக் கேட்டாலே தொலைக்காட்சியை அணைத்துவிடுவேன். யார் எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன். சொன்னால் உங்களில் பாதிப்பேர் இத்தோடு பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள்.

அந்தக் கை மடியைத் தொட்டதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். ஸ்டீகி வீட்டுப் பண்ணை என் வீட்டுக்கும் டார்லா வீட்டுக்கும் நடுவில் இருந்தது. மற்ற மாடுகளுக்கெல்லாம் கறவை இயந்திரம் வந்துவிட்டது. டோரிஸ் என்ற கிழட்டு ஜெர்சிப் பசுவுக்கு மட்டும் அது ஆகாது, உதைத்துத் தள்ளிவிடும். அவளைக் கையால் கறப்பது பிள்ளைகளான எங்கள் பொறுப்பு. எங்கள் ஊரில் மாட்டுக்கு வலப்பக்கம் உட்கார்ந்துதான் கறப்பார்கள். இடப்பக்கம் போனால் மாடு மிரளும். ஆனால் வலப்பக்கத்தை டார்லா யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. கர்டிஸ் வேறு வழியில்லாமல் இடப்பக்கம் உட்கார்ந்து பழகினான், டோரிஸும் பழகிக்கொண்டாள். ஆளுக்கு இரண்டு காம்பு, நடுவில் ஒரே வாளி, யார் முதலில் முடிப்பது என்று போட்டி. என் வேலை வாலைப் பிடிப்பது. கொட்டகை ஜன்னலில் வானொலி பேஸ்பால் சொல்லிக்கொண்டிருக்கும். காய்ந்த புல்லின் வாசமும் சூடான பாலின் வாசமும் சேர்ந்து வரும். அந்தக் கோடைகளில் ஒன்று திரும்பக் கிடைக்குமென்றால் எனக்கு மிச்சமிருக்கும் வயதில் பாதியைத் தருவேன்.

பிறகு கடனில் ஸ்டீகியின் பண்ணை ஏலத்துக்கு வந்தது. கர்டிஸின் அப்பா வாசற்படியில் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். டோரிஸைக் கயிற்றில் பிடித்து எங்கோ ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த வாரமே அவர்கள் குடும்பமும் ஊரைவிட்டுப் போனது.

இதைச் சொன்னால் விளம்பரம் அன்றைக்கே செத்துவிடும். ஏன் சொல்லவில்லை என்று கர்டிஸிடம் கேட்டேன்.

"எங்கப்பா பண்ணைய ஒரு தடவை ஏலம் போட்டாச்சு வெர்ன். ஓட்டுக்காக நான் வேற இன்னொரு தடவை போடணுமா?" என்றான். என்னையும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டான்.

டார்லாவை விடுவேனா? மாவட்ட விவசாயக் கண்காட்சியில் பொரித்த சீஸ் விற்கும் கடை முன்னால் அவளைப் பிடித்துக்கொண்டேன். அந்த விளம்பரம் உனக்கே அடுக்குமா என்று கேட்டேன். அவள் முகம் கொடுக்கவில்லை. தேர்தல் வேலைக்கு வைத்த ஆட்கள் எடுத்த விளம்பரமாம். இவள் பார்த்துச் சம்மதித்தாளாம். கருத்துக்கணிப்பில் இரண்டு பேருக்கும் ஆதரவு சரிசமமாக இருக்கிறதாம், இப்போது அதை நிறுத்த முடியாதாம்.

"அவனே வாயத் தொறக்கல. நான் எதுக்குத் தொறக்கணும்?" என்றாள். கையிலிருந்த சீஸைத் தின்னாமலே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டுப் போனாள்.

கண்காட்சியில் வருஷா வருஷம் அரசியல்வாதிகளுக்குப் பால் கறக்கும் போட்டி உண்டு. மாட்டுக் கொட்டகைக்கு நான்தான் பொறுப்பு. அந்த வருஷம் வேட்பாளர்கள் இரண்டு பேரையுமே ஆளுக்கொரு மாட்டோடு எதிரெதிராக இறக்கினோம். மரப்படிகளில் ஊரே உட்கார்ந்திருந்தது. கர்டிஸ் இதில் அசடு வழிந்தால் தேர்தல் அங்கேயே முடிந்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். எனக்குக் கவலையே இல்லை. கை மறக்காது என்று நம்பினேன்.

கை மறக்கவில்லை. அதுதான் வினையாகிப்போனது. மணி அடித்ததும் கர்டிஸ் முக்காலியை எடுத்துக்கொண்டு, கொஞ்சமும் யோசிக்காமல், மாட்டின் இடப்பக்கம் போய் உட்கார்ந்தான்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. மாடு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாத ஆள் என்று ஒருவர் கத்தினார். டார்லாவின் ஆட்கள் கைபேசியில் படமெடுத்துத் தள்ளினார்கள். மாடு மிரண்டு காலை உதறியது. அப்போதுதான் கர்டிஸுக்கு விஷயம் உறைத்தது. காதுவரை சிவந்துபோனான். ஆனால் எழுந்து மறுபக்கம் போகவில்லை, குனிந்த தலையோடு அங்கேயே இருந்தான்.

டார்லாவின் வாளி பாதி நிறைந்திருந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். அவன் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது. பிறகு தன் முக்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, கர்டிஸின் மாட்டுக்கு வலப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"வாளிய நடுவுல தள்ளுடா" என்றாள்.

அவன் தள்ளினான். இரண்டு பக்கமும் பழைய தாளத்தில் பால் விழ ஆரம்பித்தது. சிரிப்பு ஒவ்வொரு படியாக அடங்கியது.

"இவன் எப்பவும் அந்தப் பக்கந்தான்" என்றாள் டார்லா, தலையை நிமிர்த்தாமல், எல்லோருக்கும் கேட்கும்படி. "இந்தப் பக்கம் எப்பவும் நான் இருப்பேன், அதனால. விளம்பரத்துல வந்தது பொய். எனக்குத் தெரிஞ்சே போட்ட பொய்."

அந்த வார்த்தைதான் அவளுடைய தேர்தலைக் கொண்டுபோனது. மயிரிழையில் தோற்றாள். அவள் கட்சிக்காரர்கள் இன்னும் அவளைத் திட்டுகிறார்கள். நான் அவளுக்குத்தான் ஓட்டுப் போட்டேன், விளம்பரத்துக்காக அல்ல.

ஆனால் அந்த நேரத்தில் தேர்தல் யார் நினைவில் இருந்தது? மாடு வாலைச் சுழற்றிக் கர்டிஸின் முகத்தில் ஓங்கி அடித்தது. இரண்டு பேரும் மடியிலிருந்து கையை எடுக்காமல், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், ஒரே நேரத்தில் கூப்பிட்டார்கள்.

"வெர்ன், வால்."

சட்டையில் பொறுப்பாளர் வில்லையோடு, வலிக்கும் முழங்காலோடு, வேலியைத் தாண்டிப் போய் வாலைப் பிடித்துக்கொண்டேன்.